மூன்றாம் சனிக்கிழமை விரால்

புரட்டாசி பிறந்ததிலிருந்து உக்கிரபாண்டிக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்குப் போவார், தெருமுனை வரைக்கும் எட்டிப் பார்ப்பார், யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு தரம் பார்ப்பார், உள்ளே வந்து தண்ணீர் குடிப்பார். குடித்த சொம்பைக் கீழே வைப்பதற்குள் ஆள் மறுபடியும் வாசலில் நிற்பார். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பனியிலும் மலை வளைவிலும் ராத்திரி பகலாக வண்டி ஓட்டிய காலத்தில்கூட இப்படித் தவித்ததில்லை. அப்போது கையில் ஸ்டியரிங் இருந்தது. இப்போது கையில் ஒன்றும் இல்லை, அதுதான் தொந்தரவு.

காரணம் உள் அறையில் படுத்திருந்தது. மகள் வெங்கடேஸ்வரி. கல்யாணமாகி ஆறு வருஷம் ஒன்றும் தங்காமல், தங்கிய ஒன்றும் நாலாம் மாதத்திலேயே கலைந்து, இப்போதுதான் நிறைமாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, “இனிமே எப்ப வேணும்னாலும் வலி வரலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். எப்போது வேண்டுமானாலும் என்றால் குத்துமதிப்பாக எப்போது என்று கேட்பதற்காக, படியிறங்கிய உக்கிரபாண்டி திரும்ப மாடியேறினார். டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வெங்கடேஸ்வரி பயந்துபோய்க் கிடந்தாள். வளைகாப்பு வரைக்கும் கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை, மாதம் நெருங்க நெருங்க வாயை மூடிக்கொண்டாள். டிவி போட்டால் சுவரைப் பார்த்தாள். அவள் சிரித்துப் பல நாளாயிற்று. மருமகன் பாண்டித்துரை போலீஸ்காரர். அவர் போனில் எதையாவது வேடிக்கையாகச் சொன்னாலும் “ம்” என்பாள். அந்த “ம்” கேட்கும்போதெல்லாம் உக்கிரபாண்டி எழுந்துவிடுவார். நேராக வாசலுக்குப் போய்விடுவார்.

பெண்டாட்டி வெள்ளத்தாய் வேறு ரகம். அவள் தவிக்கவில்லை, நேர்ந்துகொண்டாள். புரட்டாசிச் சனிக்கிழமைதோறும் புருஷனும் பெண்டாட்டியுமாகத் திருவண்ணாமலைக்கு நடந்தே போய், மலையேறி, பெருமாளுக்குத் தன் கையால் கட்டிய துளசி மாலை சாத்துவதாக வேண்டுதல். திருவண்ணாமலை என்றதும் தீபம் ஏற்றுகிற ஊரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே, படி வைத்த ஒரு சின்ன மலை. உச்சியில் பெருமாள் நிற்கிறார். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அங்கேதான் இருக்கும். மாதம் முழுக்க வீட்டில் கவிச்சி கிடையாது. முட்டை ஓடுகூட வாசல்படி தாண்டக் கூடாது என்பது வெள்ளத்தாயின் சட்டம்.

முதல் இரண்டு சனிக்கிழமையும் ஜோடியாகப் போய் வந்தார்கள். மூன்றாவது சனிக்கிழமைக்கு முந்தின நாள் மகளுக்கு இடுப்பு லேசாக வலித்தது. அவளை விட்டுவிட்டு வெள்ளத்தாய் நகர முடியாது.

“நீங்க மட்டும் போயிட்டு வாங்க. எனக்கும் சேத்துக் கும்பிட்டுருங்க. மாலையைக் கீழ மேல வச்சிராதீய, நேரா ஐயர் கையில குடுங்க” என்றாள்.

“நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்றார் உக்கிரபாண்டி. அப்போது மனதில் கள்ளம் இல்லை. கள்ளம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் போனில் வந்தது.

போன் செய்தவன் சங்கையா. ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்க்கிறவன், பள்ளிக்கூடத்துச் சேக்காளி, ஊர்க் கண்மாய்களில் எதில் எந்த மூலையில் எந்த மீன் படுத்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

“ஏலே உக்கிரம், மலையில மழைலே. நாளைக்குப் போற வழியில கெடக்குல்ல கண்மாயி, அதுல புதுத் தண்ணி விழுந்துருக்கு. விரால் ஏறுது.”

“நான் விரதம்.”

“விரதம்னா திங்கத்தான கூடாது? பிடிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்? நீ பிடி, நான் திங்கேன்.”

உக்கிரபாண்டி போனை வைத்துவிட்டு இதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். வேண்டுதலில் மீன் பிடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லைதான். காலையில் கொஞ்ச நேரம் தூண்டில் போடுவது, பிறகு மலையேறிவிடுவது. தக்கை தண்ணீரில் நிற்கும்போதுதான் அவருக்கு மனசும் நிற்கும். இந்த மாதத்துத் தவிப்புக்கு வேறு மருந்து கிடையாது. பெருமாள் எங்கே ஓடிப்போகிறார், நின்ற கோலத்தில்தானே இருக்கிறார் என்று நினைத்தபோது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

விடிந்ததும் குளித்து, வேட்டி கட்டி, சட்டையில்லாத மேலுக்குத் துண்டு போட்டுக்கொண்டார். வெள்ளத்தாய் நெற்றியில் பெரிதாக நாமம் இழுத்துவிட்டாள். வாழை இலையில் சுற்றிய மாலையைக் கையில் கொடுத்தாள். அவள் மாலை கட்டினால் நாலு புரி நூலில்தான் கட்டுவாள். மாட்டைக் கட்டினாலும் அறுந்துபோகாது. அடர்த்தியாகத் துளசி, நடுவில் ஒரு கொத்து மருக்கொழுந்து, அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு செவ்வரளி. உள்ளேயிருந்து வெங்கடேஸ்வரி, “அப்பா, எனக்காக நல்லாக் கும்பிடுங்க” என்றாள். அந்தக் குரல் தெருமுனை வரைக்கும் அவர் கூடவே வந்தது. அதற்குப் பிறகும் அவர் திரும்பவில்லை. வேகமாகக் கண்மாய்ப் பக்கம் நடந்தார்.

கண்மாய்க்கரை மேல் சனிக்கிழமைக் கூட்டம் சாரிசாரியாக மலைக்குப் போய்க்கொண்டிருந்தது. சங்கையா கரைக்கு உள்பக்கம், கருவேல மரமும் கோரையும் மறைத்த ஒரு மூலையில், நைட் ஷிப்ட் முடித்த கண்ணோடு தூண்டில் கம்புகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“என்னலே, ஆழ்வார் மாதிரி வந்து நிக்க?” என்றான்.

“பேசாமக் கம்பைக் குடு.”

உக்கிரபாண்டி மாலையைக் கிளையில் தொங்கவிட்டு, மண்புழுவை முள்ளில் ஏற்றி வீசினார். தக்கை ஆடி நின்றது. புரட்டாசி பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவருக்கு மூச்சு முழுதாக வந்தது. ஆனால் அதுவும் நீடிக்கவில்லை. இடுப்பிலிருந்த போனை எடுத்துப் பார்த்தார். வீட்டிலிருந்து ஒன்றும் இல்லை. வைத்தார், உடனே திரும்ப எடுத்தார். சங்கையா, “நீ இப்பிடி நெளிஞ்சேன்னா மீனு கேரளாவுக்குப் போயிரும்” என்று அதட்டினான்.

அந்த நேரத்தில் தக்கை பொசுக்கென்று முங்கியது.

விரால் என்றால் அது விரால். முழங்கையை விட நீளம், கறுத்த முதுகு. அதைக் கரையேற்றுவதற்குள் உக்கிரபாண்டிக்கு ஒரு முழங்கால் சேறாகிவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு, “பை எங்கலே?” என்றார்.

மீன் போடுகிற பையைச் சங்கையா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தான். அவன் பைக்கில் கிடந்தது சிவப்பு நைலானில் கண்ணி கண்ணியாகப் பின்னிய ஒரு வெங்காயச் சாக்குதான். சாக்குக்கு வாய் கட்டக் கயிறு இல்லை. விராலைச் சும்மா சாக்கில் போட்டுத் தண்ணீரில் வைத்தால் ஒரே துள்ளில் வெளியே போய்விடும். செவுளில் கயிறு கோத்து எதிலாவது கட்டிப்போட்டால்தான் நிற்கும். இரண்டு பேரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். இரண்டு பேர் கண்ணும் கிளைக்கு வந்து நின்றது.

“வேண்டாம்லே” என்றான் சங்கையா. மீன் தின்கிறவன்தான், அவனே சொன்னான்.

“செத்த நேரத்துக்குத்தான். அடிவாரத்துல கடை கடையாப் போட்டுருக்கான், வேற மாலை வாங்கிக்கிடுதேன்” என்றார் உக்கிரபாண்டி. கண்ணை மூடி, “பெருமாளே, பொறுத்துக்கோ” என்றும் சொல்லிக்கொண்டார். பிறகு வெள்ளத்தாயின் மாலையை விரால் செவுளில் கோத்து, கழுத்தைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு, மீனைச் சாக்கில் விட்டு, மாலை முனையைத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த வேரில் கட்டினார். துளசியும் செவ்வரளியுமாக அந்த விரால் சாக்குக்குள் கல்யாண மாப்பிள்ளைபோல அசைந்தது.

மறுபடி தூண்டில் போட்டார்கள். உக்கிரபாண்டியால் பிடித்த மீனையும் சும்மா விட முடியவில்லை. இருக்கிறதா என்று ஒரு தரம் போய்ப் பார்த்தார், வந்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் போனார். குனிந்து சாக்கைத் தூக்கினார்.

“சங்கையா, மீன் ரொம்பக் கனக்குலே.”

“பெரிய மீனு கனக்கத்தான செய்யும்?”

“வாலு வெளிய கெடக்குலே.”

“விராலுக்கு வாலு இருக்காதா?”

“இம்புட்டு நீளத்துக்கா?”

சங்கையா திரும்பிப் பார்த்தான். சாக்குக்குள் இருந்தது ஒரு மலைப்பாம்பின் தலையும் கழுத்தும். ஆள் நீளத்துக்கு மேலிருந்த மிச்ச உடம்பு வெளியே கோரைக்குள் கிடந்தது. கட்டாமல் விட்ட சாக்கு வாய் வழியாக உள்ளே நுழைந்து, விராலை மாலையோடு விழுங்கி, வேரில் கட்டியிருந்த நூலையும் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டுவிட்டது. விழுங்கிய பிறகுதான் அதற்குச் சிக்கல். உடம்பு உருண்டு திரண்டதில் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. நைலான் கண்ணி கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது.

“பாம்புலே! மலைப்பாம்புலே!” என்று சங்கையா போட்ட சத்தம் ராஜபாளையத்துக்கே கேட்டிருக்கும். கம்பைப் புதருக்குள் செருகிவிட்டு நாலு எட்டில் கரை மேல் ஏறிவிட்டான். அங்கிருந்து, “விட்டுட்டு வாலே! யாராச்சும் பாத்தா நாறிப்போயிரும். உம் மருமகன் வேற அடிவாரத்துல பந்தோபஸ்துல நிக்கான்!” என்றான்.

பாண்டித்துரைக்கு அன்று கோயில் டியூட்டி என்பது உக்கிரபாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த சாக்கைத் தண்ணீரில் விட்டார். ஒரு அடி, இரண்டு அடி பின்னால் வைத்தார். போய்விடலாம். யாரும் பார்க்கவில்லை. வேறு மாலை வாங்கலாம், மலையேறலாம், வீட்டுக்குப் போய்த் துளசியும் தீர்த்தமும் கொடுக்கலாம். பாம்பு சாக்கோடு சேற்றில் புரண்டது. கண்ணி இன்னும் இறுகியது. வீங்கிய வயிற்றோடு அது கிடந்து மூச்சு வாங்குவதைப் பார்த்தார்.

அவருக்குப் பகீரென்றது. வயிறு நிறைந்து கிடக்கிற ஓர் உயிரை இப்படிப் போட்டுவிட்டுப் போனால், வீட்டில் வயிறு நிறைந்து கிடக்கிற பிள்ளைக்கு என்ன ஆகும்? பாம்பு வயிற்றில் இருப்பது மீன்தான், அதுவும் தன் மீன்தான் என்று புத்தி சொன்னது. மனசு கேட்கவில்லை.

“சங்கையா, பாரஸ்ட்காரங்களுக்குப் போன் போடுலே” என்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, பாம்பின் கழுத்து தண்ணீருக்கு மேலே இருக்கும்படி இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். பிடித்த பிடியை விடவில்லை.

சங்கையாவின் சத்தத்துக்கே மலைக்குப் போன கூட்டம் நின்றுவிட்டது. கரை நெடுகத் தலைகள். முதலில் கண்டது ஒரு மஞ்சள் சேலைக்காரி. கீழே தண்ணீரில், நெற்றி நிறைய நாமம் போட்ட ஒரு மனிதர், ஒரு நாகத்தின் கழுத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறார். நாளோ புரட்டாசிச் சனிக்கிழமை. அவள் வேறு என்னதான் நினைப்பாள்?

“ஆதிசேஷன்!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “பெருமாள் படுக்கிற ஆதிசேஷனை எந்தப் பாவியோ சாக்கு வச்சுப் பிடிச்சுருக்கான். சாமி காப்பாத்துதாரு!”

கூட்டம் இறங்கிவிட்டது. “கோவிந்தா” ஒன்று எழுந்தது. எந்தப் பாவி என்று விசாரணையும் எழுந்தது. சங்கையா கூட்டத்தோடு கூட்டமாக நின்று, “யாருன்னு தெரியலையே, எவனோ வெளியூர்க்காரன்” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் வனத்துறையிலிருந்து காக்கி போட்ட ஓர் இளம்பெண் பைக்கில் வந்தாள். கூட்டம் கூடிவிட்டதென்று பின்னாலேயே ஒரு போலீஸ்காரரும் வந்தார். அது பாண்டித்துரைதான்.

“மாமா!” என்றார். “நீங்களா? மலைக்குப் போற வழியில இதைப் பாத்துட்டு எறங்கிட்டீயளா?”

பொய்யைக்கூட மருமகனே எடுத்துக் கொடுத்துவிட்டார். உக்கிரபாண்டிக்கு அதை வாங்கிக்கொள்ளாமல் இருக்கத் தைரியம் இல்லை. “ம்” என்றார். புதருக்குள் சங்கையா செருகிய கம்பின் நரம்பு இன்னும் தண்ணீரில் கிடந்தது. பாண்டித்துரைக்கு இரண்டு கை தூரத்தில் தக்கை ஆடிக்கொண்டிருந்தது. உக்கிரபாண்டி அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

வனத்துறைப் பெண் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கத்தரியால் கண்ணியை ஒவ்வொன்றாக வெட்டினாள். “அண்ணே, அப்பிடியே அசையாமப் பிடிங்க. எதையோ பெருசா முழுங்கியிருக்கு. பயந்துச்சுன்னா கக்கிரும்” என்றாள்.

உக்கிரபாண்டிக்கு வேர்த்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்பது இந்தக் கூட்டத்தில் அவருக்கும் சங்கையாவுக்கும்தான் தெரியும். கோழி என்றான் ஒருவன். பெருச்சாளி என்றான் இன்னொருவன். பத்திருபது போன் அவர் முகத்துக்கு நேராகப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. பாண்டித்துரையும் தன் போனை எடுத்தார்.

“யாரும் சத்தம் போடாதீய!” என்று உக்கிரபாண்டி கத்தினார். “வாயில்லா சீவன்யா அது! பயங்காட்டாதீய! தள்ளி நில்லுங்க!”

“எப்பேர்ப்பட்ட மனசு பாரு” என்றாள் மஞ்சள் சேலைக்காரி.

எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். கண்ணி ஒன்று, இன்னொன்று என்று விட்டது. கடைசிக் கண்ணியும் விட்டபோது பாம்பு கழுத்தை மெல்ல நீட்டியது. இன்னும் கொஞ்சம் பொறு தாயே, போய் உன் புற்றில் வைத்துச் செரித்துக்கொள் என்று உக்கிரபாண்டி மனசுக்குள் கெஞ்சினார். அப்படியே போயிருக்கும். ஆனால் மலைக்குப் போகிற கூட்டத்தில் சேகண்டியும் சங்குமாகப் பெருமாள் பாட்டுப் பாடிப் போகிற ஒரு தாசர் இல்லாமல் இருப்பாரா? ஆதிசேஷன் விடுதலையாவதைக் கண்ட அவர், கன்னம் புடைக்கச் சங்கை எடுத்து ஒரு ஊது ஊதினார்.

பாம்பு தூக்கிவாரிப்போட்டதுபோல் சுருண்டது. வாயை அகலத் திறந்தது. வயிற்று உருண்டை முன்னால் நகர்ந்து, கழுத்துக்கு வந்து, வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தது. சேற்றில் கிடந்தது முழங்கை நீள விரால். கழுத்தில் துளசி மாலை. நடுவில் மருக்கொழுந்து, இரண்டு பக்கமும் செவ்வரளி.

பாம்பு இந்த ஊர்ச் சங்காத்தமே வேண்டாம் என்று கோரைக்குள் புகுந்து மறைந்தது. உக்கிரபாண்டி கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது கதை, இனி இந்த ஊரில் தலை காட்ட முடியாது என்று நினைத்தார்.

“மச்சாவதாரம்!” என்றார் தாசர்.

அவ்வளவுதான். “கோவிந்தா! கோவிந்தா!” என்று கண்மாயே அதிர்ந்தது. ஆதிசேஷன் வாயிலிருந்து மாலையோடு மச்சமூர்த்தி வந்துவிட்டார்! யாரோ சூடம் ஏற்றினார்கள். யாரோ தேங்காய் உடைத்தார்கள். மீன் வாய் அசைந்ததைத் தான் பார்த்ததாக ஒரு பெரியவர் அடித்துச் சொன்னார். வனத்துறைப் பெண் மட்டும் உக்கிரபாண்டியின் சேறு படிந்த முழங்காலையும் புதர்ப்பக்கம் ஆடிய தக்கையையும் பார்த்தாள். பிறகு கத்தரியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, “நல்லாப் பிடிச்சீங்கண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பாண்டித்துரைக்குப் பெருமை தாங்கவில்லை. “மாமா, முழுசா எடுத்துட்டேன். வெங்கடேசுவரிக்கு அனுப்பிட்டேன். பாத்தா சந்தோசப்படுவா” என்றார்.

“அனுப்பிட்டீயளா?”

“அப்பவே அனுப்பிட்டேன் மாமா.”

கூட்டம் உக்கிரபாண்டியை நடுவில் விட்டு மலைக்கு அழைத்துக்கொண்டு போனது. வழியில் இரண்டு பேர் காலில் விழுந்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையை நீட்டித் தலையில் கை வைக்கச் சொன்னாள். மீன் கொழகொழப்போடு இருந்த கையை அவர் பின்னால் மறைத்துக்கொண்டார். ஊரார் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மகள் காலையில் சொன்னது காதிலேயே நின்றது. எனக்காக நல்லாக் கும்பிடுங்க என்றாளே, அந்த மாலையை மீன் கழுத்தில் கட்டினேனே, ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன மனிதன் என்று நடந்தார்.

அடிவாரத்தில் போன் அடித்தது. வெள்ளத்தாய்.

“எங்க இருக்கீய?”

“அடிவாரத்துல. வெள்ளத்தாயி, வந்து...”

“வீடியோ பாத்தோம். ரொம்பத் தெளிவா இருந்துச்சு.” அவள் குரலில் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் ஆட்டோ சத்தம். “நடுவுல மருக்கொழுந்து வச்சு, ரெண்டு பக்கமும் செவ்வரளி வச்சு அந்த மாலையைக் கட்டுனது யாருங்க?”

உக்கிரபாண்டி போனை அடுத்த காதுக்கு மாற்றினார்.

“ஊரு நம்பும். நாலு புரி நூல்ல முடிச்சுப் போட்ட நான் நம்புவேனா? சரி, அதைப் பொறவு பேசிக்கிடுவோம். இப்ப நேரமில்ல. உங்க மக அதைப் பாத்துட்டுச் சிரிச்சா. அம்மா, அப்பா முழியைப் பாரும்மா, மீன் மாலையைப் பாரும்மான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. நிறுத்தச் சொன்னா நிறுத்த மாட்டேங்கா. சிரிச்ச சிரிப்புல பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. ராஜபாளையத்துக்குப் போய்க்கிட்டு இருக்கோம். மாப்பிள்ளைக்கும் சொல்லிட்டேன், அவிய கிளம்பிட்டாவ.”

“நான் வாரேன். இந்தா வந்துட்டேன்.”

“வராதீய!” என்றாள். இப்போது குரலில் எல்லாம் தெரிந்தது. “நீங்க மேல ஏறுங்க. இப்பவாவது ஏறுங்க. நான் சொல்ற வரைக்கும் எறங்கப்படாது. ஏறி உக்காந்து அவரைக் கேளுங்க.”

போன் நின்றுவிட்டது. உக்கிரபாண்டி மாலைக் கடையில்கூட நிற்கவில்லை. படிகளில் ஓடினார். கூட்டம் சாமி வருது என்று வழிவிட்டது. அது அவருக்கு இன்னும் அவமானமாக இருந்தது. மேலே போய்ச் சந்நிதியில் நின்றபோது கையில் மாலை இல்லை, தேங்காய் இல்லை, மீன் வாடை மட்டும் இருந்தது. ஐயர் தீர்த்தத்தை நீட்டினார். கையை நீட்ட அவருக்குக் கூசியது. நீட்டினார்.

“தப்பு என்னுது” என்று பெருமாளிடம் சொன்னார். “தண்டனை எதுவோ அதை எனக்குக் குடு. அவளைத் தொடாத.”

பிறகு படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார். எழுந்து நடக்கக் கால் பரபரத்தது. நடந்தால் சிக்னல் போய்விடுமோ என்று உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியாவது நடந்துவிடலாமா என்று நினைத்தார், வெள்ளத்தாய் சொன்னதை நினைத்து உட்கார்ந்தார். குரங்கு ஒன்று பக்கத்தில் வந்து அவர் கையை மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போனது. வெயில் ஏறி, உச்சியில் நின்று, மேற்கே மலைப்பக்கம் சாய்ந்தது. சாப்பிடத் தோன்றவில்லை. தூண்டிலும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் ஒரு பகல் முழுக்க ஒரே படியில் உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

வெயில் மஞ்சளாகும்போது போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்து அழுத்திக்கொண்டார்.

“பொட்டப்புள்ள” என்றாள் வெள்ளத்தாய். “ரெண்டு பேரும் நல்லா இருக்காவ.”

அவர் துண்டில் மூக்கைச் சிந்தினார்.

“அழுவுதீயளா?”

“இல்ல.”

“சரி, எறங்கி வாங்க. வெங்கடேசுவரி உங்களைத்தான் கேக்கா. வர வழியில சோப்பு வாங்கி எங்கயாச்சும் நல்ல தண்ணிக் குழாயில தேச்சுக் குளிச்சிட்டு வாங்க. மீன் கவிச்சியோட வந்து எம் பேத்தியத் தூக்குனீய, அந்தக் கையை ஒடிச்சுப்போடுவேன்.”

உக்கிரபாண்டி இறங்கினார். கண்மாய்க்கரைக்கு வந்தபோது, விரால் விழுந்த இடத்தில் மூன்று கல் நட்டு, மஞ்சள் துணி சுற்றி, அகல் விளக்கு வைத்திருந்தார்கள். மச்சாவதாரத்தை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்போல. நாலைந்து பேர் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார்.

நிமிரும்போது கண் தானாகப் புதர்ப்பக்கம் போனது. சங்கையா செருகிய கம்பு அப்படியே இருந்தது. தக்கை தண்ணீரில் ஆடியது. ஆடி, ஒரு பக்கம் சாய்ந்து, சரேலென்று உள்ளே முங்கியது. கம்பு வில்லாக வளைந்தது. காலையில் வந்ததைவிடப் பெரிய மீன்.

உக்கிரபாண்டியின் கை ஒரு முழம் எழுந்தது. அதை அவரே பிடித்து இறக்கினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சோப்பு விற்கிற கடை எங்கே இருக்கிறது என்று எதிரில் வந்தவரிடம் கேட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடினார்.